குறைகளை ஒழித்த நிஜார்க் கொட்டகை

1943-ஆம் வருஷம் ஹிட்லரைத் தோற்கடிக்கும் பொறுப்பு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த ஒரு தகரக் கொட்டகையின் தலையில் விழுந்தது. லண்டனுக்கு இது தெரியாது. கொட்டகை முதலாளி சுயம்புலிங்கத்துக்குத் தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டவர் அவர். யுத்தம் வந்ததும் பன்னிரண்டு மெஷின்களை வாங்கிப் போட்டு, பட்டாளத்துக்குக் காக்கி நிஜார் தைக்கும் தேசத் தொண்டில் இறங்கிவிட்டார். எந்த தேசம் என்று பேதம் பார்க்காத தொண்டு.

நிஜார் கடைசியில் ஜைதூன் பீயிடம் வரும். காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலை. புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கடுதாசி இல்லை. மூன்று பிள்ளைகளும் அவள் ஊசி முனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

பொத்தானைத் தைத்ததும் அதை வெடுக் வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை; கை அப்படிப் பழகிவிட்டது. யுத்தகால நூல், பாதி உளுத்தது. பொத்தான் கையோடு வந்துவிட்டால் நூலை இரட்டையாகப் போட்டு மறுபடி தைப்பாள். கட்டிங் மாஸ்டர் மெஹபூப் அலி சுவரில் தொங்கும் சிலேட்டில் 'குறை' என்று ஒரு கோடு இழுப்பார். தினம் பத்துப் பதினைந்து கோடு விழும். எட்டு மாதத்தில் பட்டாளத்திலிருந்து ஒரு நிஜார்கூடத் திரும்பி வந்ததில்லை. அதற்குச் சிலேட்டு இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

சிலேட்டு மட்டும் முதலாளியின் கண்ணில் பட்டது. "என்னவே மாஸ்டர், தினம் பதினஞ்சு குறையா? இது தொழிற்கூடமா, தர்ம ஆஸ்பத்திரியா?" என்று கேட்ட சுயம்புலிங்கம், மறுவாரமே ஒரு நிபுணரை அழைத்து வந்தார். பெயர் அனந்தராமன். பம்பாயில் 'விரய ஒழிப்பு சாஸ்திரம்' பயின்றவர். ஜேபியில் ஸ்டாப் வாட்ச், கையில் அட்டை, முகத்தில் உலகத்தை மன்னித்துவிட்ட களை. மூன்று நாள் ஜைதூன் பீயின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்தார். காற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது அவளுக்குத்தான் தெரியும்.

"ஏம்மா, இப்போ என்ன பண்ணினே?"

"இஸ்து பாத்தேன் ஐயரே."

"எதுக்கு?"

"வந்துடுதான்னு."

"வந்துடுத்தோ?"

"வர்ல."

"அப்போ இழுத்தது வீண்தானே! நாலு செகண்டு போயிடுத்து."

"வந்துட்டா?"

"வந்துட்டா ஒரு குறை கூடறது. இழுக்காம இருந்தா அந்தக் குறை ஏது? யோசிச்சுப் பாரு."

ஜைதூன் பீ யோசித்துப் பார்த்தாள். பிறகு மெஹபூப் அலியிடம், "மாஸ்டர், இவுரு வூட்டுல கண்ண மூடிக்கினா பல்லி செத்துடும் போல கீது" என்றாள்.

"சும்மா இரு ஆபா, படிச்சவரு" என்றார் மாஸ்டர்.

நான்காம் நாள் 'விரய ஒழிப்புக் கமிட்டி' கூடியது. பத்து மணிக்குத் தொடங்கி, மூன்று தரம் காபி வந்து, ஒன்றரை மணிக்கு ஒரு வரைபடத்தில் முடிந்தது. அதில் குறைகளின் கோடு மலை மாதிரி ஏறி, ஓரிடத்தில் தரையோடு படுத்துக் கிடந்தது.

"இந்த ரெண்டு நாள் பாருங்கோ. குறை பூஜ்யம்! விசாரிச்சேன். அந்த ரெண்டு நாளும் ஜைதூன் பீ ஜுரம்னு வரலை. குறை எங்கேர்ந்து உற்பத்தியாறதுன்னு இதுக்கு மேலே நிரூபிக்கணுமா?"

அந்த இரண்டு நாளும் ஒரு நிஜாருக்குக்கூடப் பொத்தான் தைக்கவில்லை என்ற சில்லறை விவரத்தைச் சொல்ல மெஹபூப் அலி வாயெடுத்தார். நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லை.

"இந்தா பாரும்மா," என்றார் சுயம்புலிங்கம். "இனிமே பொத்தானை இழுத்தேன்னா வேலை கெடையாது, பாத்துக்க."

அன்றிலிருந்து ஜைதூன் பீ இழுக்கவில்லை. கை தானாகப் போகும்; பிள்ளைகள் நினைவுக்கு வரும்; கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள். அதற்கு ஆறு விநாடி ஆயிற்று. அதை அனந்தராமன் அளக்கவில்லை.

சிலேட்டு துடைத்து வைத்தது போலச் சுத்தமாகிவிட்டது. ஒரு மாதம் முழுவதும் குறை பூஜ்யம். நிபுணருக்கு ரோஜா மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். மிச்சமான விநாடிகளைப் பதிவு செய்ய நான்கு பதிவேடுகளும் ஒரு குமாஸ்தாவும் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு ஒரு லாரி வந்தது. ஆயிரத்து இருநூறு நிஜார். கூடவே ஒரு கடிதம். மரியாதை அணிவகுப்பில் 'அட்டென்ஷன்' கொடுத்தபோது, முன்வரிசை சிப்பாய்கள் இடுப்பிலிருந்து கையை எடுக்க மறுத்துவிட்டார்கள். இருவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். அதன் விளைவை வந்திருந்த சீமாட்டிகள் மறக்கச் சில காலம் ஆகும் என்று கர்னல் வருத்தத்துடன் எழுதியிருந்தார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் காண்டிராக்ட் ரத்து.

கமிட்டி அவசரமாகக் கூடியது.

"குறை நம்ம கொட்டகைக்குள்ளே நடக்கலை," என்று தெளிவுபடுத்தினார் அனந்தராமன். "மைதானத்துலே நடந்திருக்கு. நம்ம பூஜ்யம் அப்படியேதான் இருக்கு."

சுயம்புலிங்கம் திருப்தியாகாமல் ஜைதூன் பீயைக் கூப்பிட்டார். "நூல் உளுத்ததுன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மொதலாளி."

"தெரிஞ்சும் ஏன் இழுத்துப் பாக்கல?"

"இஸ்தா வேல இல்லன்னு நீங்கதான சொன்னீங்கோ?"

"பார்த்தேளா!" என்று துள்ளினார் நிபுணர். "தெரிஞ்சே மறைச்சிருக்கா. ஆயிரத்து இருநூறு தரம்!"

ஜைதூன் பீ அவரை நிதானமாகப் பார்த்தாள். "ஐயரே, நான் இஸ்ததுக்கு நாலு செகண்டுன்ன. இத்தச் சொல்றதுக்கு நீ காலைலேர்ந்து குந்திக்கினு கீறியே, அத்த யாரு அளக்கறது?"

இது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் 'பணிவின்மை' என்று ஏறியது. மெஹபூப் அலி கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அவளை நிறுத்திவிட்டார்கள்.

இன்று கொட்டகை நவீனமாகிவிட்டது. பொத்தான்களை இழுத்துப் பார்ப்பதற்கென்றே முதலாளியின் மைத்துனர் மாணிக்கவாசகம் 'இழுவைப் பரிசோதனை அதிகாரி'யாக நாற்காலி, மேஜை விசிறி சகிதம் அமர்ந்திருக்கிறார். இழுப்பதற்குத் தமக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார். கமிட்டி அதைப் பரிசீலிக்க வியாழன் தோறும் கூடுகிறது, காபி வருகிறது.

அனந்தராமன் தம் இறுதி அறிக்கையில், 'இந்தத் தொழிற்கூடத்தில் விரயம் கண்டுபிடிக்கப்பட்டு ஒழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அத்தனை பெரிய மூளைகள் கூடி, அத்தனை நாள் தேடி, மிச்சம் பிடித்தே காட்டிவிட்டார்கள்: மூன்று பிள்ளைகள் தின்ற சோற்றை.