தேனீக்கு வயிறு சரியில்லை

வாழவந்தி நாட்டு அர்த்தனாரி தன் பெயரிலேயே பாதியைப் பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்தவர். மீதிப் பாதியை விடுவதில்லை என்பதில் மகா உறுதி. சங்கீதா கிழக்கே என்றால் அவர் மேற்கே. பதினாறு வருஷமாக இப்படித்தான்.

அந்த மழைக்காலத்தில் அவருடைய நாலு தேன்பெட்டிகளும் சோர்ந்து கிடந்தன. வேளாவேளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தும், தேனீக்கள் வாசல்வரை வந்து, வானத்தைப் பார்த்து, லீவு போட்டதுபோல உள்ளே திரும்பின. சேந்தமங்கலத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி என்று சங்கீதாதான் செய்தி கொண்டுவந்தாள்.

"நீங்க போக வேண்டாமுங்க. அவங்க சொல்றது உங்களுக்கு வெளங்காது."

முதல் பஸ்ஸிலேயே போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம்புள்ள, தேனீ வயித்துக்குள்ள நல்ல கிருமி கோடிக்கணக்குல குடியிருக்குது, தெரியுமா?"

"ரேசன் கார்டு இருக்குதுங்களா?"

"சிரிக்காத. வெறும் சர்க்கரைத் தண்ணியே குடுத்தா அந்தக் கிருமியெல்லாம் கெட்டுப்போவுமாம். விதவிதமான பூந்தூள் தின்னாத்தான் வயிறு நல்லாருக்கும். வயிறு நல்லாருந்தாத்தான் வேலைக்குப் போவும்!"

"அதுக்கு?"

"மரவள்ளியப் பாதி புடுங்கிட்டுக் கடுகும் எள்ளும் போடப்போறேன்."

சங்கீதா நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ, மரவள்ளில கை வெக்காதீங்க! ரெண்டு பாத்தி போதுமுங்க."

"ஆறு பாத்தி!"

"பூசணி போட்றாதீங்க. அவரை வேண்டவே வேண்டாம்."

அவரையை அவர் நினைத்தே பார்த்ததில்லை. அவள் சொன்ன பிறகு அவரையைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

மழையில் நனைந்துகொண்டே கொத்தினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, பிடிவாதம் விடவில்லை. கடுகு பூத்தது, பூசணி பூத்தது, அவரை காய்த்தே விட்டது. தேனீக்கள் கால் நிறைய மஞ்சள் பூந்தூளோடு பெட்டிக்கும் தோட்டத்துக்கும் பறந்தன. சங்கீதா தோற்றாள் என்று அர்த்தனாரி மீசையை முறுக்கினார்.

ஒருநாள் மிளகுக் கொடிக்குப் பின்னால் நின்றபோது, பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் சங்கீதா பேசுவது காதில் விழுந்தது.

"மூணு வருசமாக் காய்த்தோட்டம் வேணும்னு கேட்டேனுங்கக்கா. அசையலை. இந்தத் தடவ வேண்டாம்னு சொன்னேன். ஆறு பாத்தியும் அவரே கொத்திட்டாரு."

"அந்தப் பயிற்சிக்குப் போனதாலதான?"

"போன பயிற்சிக்கு நானே போயிட்டு வந்தேனுங்க, அம்மா ஊட்டுக்குன்னு சொல்லிட்டு. எங்கூட்டுக்காரரு வருவாரு, பூந்தூள் சமாச்சாரத்த அழுத்திச் சொல்லுங்கன்னு அந்த சாருகிட்ட அப்பவே சொல்லி வெச்சுட்டேன்."

அர்த்தனாரி பல்லைக் கடித்தார். இனி இவள் பேச்சுக்கு நேர்மாறாக நடந்து ஏமாறுவதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்து, இவள் தந்திரத்தைத் தவிடுபொடியாக்குவது! அங்கேயே சபதம் எடுத்தார்.

"ஏனுங்க," என்றது சங்கீதாவின் குரல், "கொடிக்குப் பின்னால சும்மாத்தான நிக்கறீங்க? அவரையப் பறிச்சுப் பேளுக்குறிச்சி சந்தைக்குக் கொண்டு போங்க."

அர்த்தனாரி, உறுதி கொஞ்சமும் குலையாமல், கூடையை எடுத்தார்.