கடைக்குள் யாரோ

நேற்று வரை சரியாக இருந்த கடவுச்சொல் இப்போது தப்பாக இருந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். திரையில் அதே வரி: 'டேட்டாபேஸில் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது.'

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதற்கு முன்னால், அது எதனால் நின்றது என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்குவார். அப்படி வந்த பெயர்.

அவர் மனைவி திரைச்சீலை தைத்து இணையத்தில் விற்கிறாள். அந்தக் கடை ஓடுவது இவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில். எதற்கு வெளியாளுக்கு வாடகை கொடுக்க வேண்டும் என்று வாத்தியார்தான் பிடிவாதமாக வீட்டிலேயே அமைத்திருந்தார்.

காலையில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் தையல்கூடத்திலிருந்து அவள் போன் செய்தாள்.

"என்னங்க, கடை திறக்கலை. விடுதிக்காரங்க மதியத்துக்குள்ள பார்த்து ஆர்டர் போடறேன்னிருக்காங்க. எல்லா ரூமுக்கும் திரைச்சீலை. இது கைவிட்டுப் போச்சுன்னா கடையை வாடகை சர்வருக்குத் தூக்கிடுவேன், சொல்லிட்டேன்."

"நான் இருக்கேன்ல? நீ தையலைக் கவனி. நடுவுல போன் பண்ணாதே, கவனம் சிதறும்."

சொன்னதோடு நிற்காமல் போனின் வாயையும் அடைத்து வைத்தார்.

ஏணி கடன் வாங்க வந்த பக்கத்து வீட்டு ஏட்டையா, போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஏணியை மறந்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே கோளாறு?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல வாத்தியார் நாற்காலியைத் திருப்பினார்.

"கடைக்கு முன்னால ஒரு விற்பனையாள் நிக்கறான்னு வெச்சுக்குங்க. சரக்கு விவரமெல்லாம் பின்னால குடோன்ல. அந்தக் குடோன்தான் டேட்டாபேஸ். அதோட வாசல்ல ஒரு காவலாளி. விற்பனையாள் ரகசியச் சொல்லைச் சொன்னாத்தான் உள்ள விடுவான்."

"சொல்லை மறந்துட்டா?"

"மறக்க மாட்டான், ஒரு ஃபைல்ல வெச்சிருக்கான். ஃபைல்ல இருக்கறதும் காவலாளிக்குத் தெரிஞ்சதும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"இப்ப ஒண்ணா இல்லையா?"

"நேத்து நான் காவலாளிகிட்ட மட்டும் மாத்திட்டேன். முன்னால எங்க கல்யாணத் தேதி இருந்தது. பாதுகாப்பு போதாதுன்னு கடை ஆரம்பிச்ச தேதியை வெச்சேன். சாப்பிடறப்ப அவகிட்டகூடப் பெருமையாச் சொன்னேன். ஃபைலை மாத்த மறந்துட்டேன். அதனால இப்பக் காவலாளியைக் கல்யாணத் தேதிக்கே கொண்டுவந்துட்டேன். இதோ பாருங்க."

பட்டனைத் தட்டினார். அனுமதி மறுக்கப்பட்டது.

ஃபைலைத் திறந்தார். கல்யாணத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் கடை ஆரம்பித்த தேதி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஓஹோ, ஃபைலையும் மாத்தியிருக்கேன் போல!"

"வயசாகுதுல்ல" என்றார் ஏட்டையா ஆறுதலாக.

வாத்தியார் அசரவில்லை. காவலாளிக்குக் கடை தேதியைக் கற்றுக்கொடுத்தார். தட்டினார். மறுக்கப்பட்டது. ஃபைலில் இப்போது கல்யாணத் தேதி சிரித்தது.

"சரி, பரவால்ல. காரணம் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் பழசும் புதுசும் கலந்து கிடக்கு. புத்தம் புதுசா ஒண்ணு வெச்சிட்டா குழப்பமே இருக்காது."

எழுத்தும் எண்ணும் குறிகளும் கலந்து, பூனை கீபோர்டில் நடந்தது போல நீளமாக ஒரு கடவுச்சொல்லை உருவாக்கினார். காவலாளியிடமும் கொடுத்தார், ஃபைலிலும் எழுதினார். கடை பளிச்சென்று திறந்தது. நீலத் திரைச்சீலை, பூப்போட்ட திரைச்சீலை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பார்த்தீங்களா!"

"பிரமாதம். அந்தப் பூப்போட்டது என்ன விலை?"

வாத்தியார் அதைத் தட்டினார். மறுக்கப்பட்டது. ஃபைலைப் பார்த்தார். அவ்வளவு பாடுபட்டுச் செய்த சொல் காணாமல் போய், அந்த இடத்தில் மறுபடியும் கல்யாணத் தேதி.

வாத்தியார் நாற்காலியை ஏட்டையா பக்கம் நகர்த்தினார்.

"ஏட்டையா" என்றார் வாத்தியார் மெல்ல. "உள்ள யாரோ இருக்காங்க."

ஏட்டையா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருடனுக்கு உங்க கல்யாணத் தேதி எப்படித் தெரியும்?"

"அதான் எனக்கும் புரியலை."

"அப்ப கல்யாணத்துக்கு வந்தவன்தான். யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

வாத்தியார் யோசிக்கவே இல்லை. "எங்க சித்தப்பா."

"கம்ப்யூட்டர் தெரியுமா அவருக்கு?"

"தெரியாது. ஆனா அன்னைக்கு என் புதுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனவர் அவர்தான்."

சித்தப்பாவைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வாத்தியார் இணைய ஒயரைப் பிடுங்கினார். நீளமான சொல்லை ஃபைலில் திரும்ப எழுதினார். கடை திறந்தது. அசையாமல் நின்றது. ஒயரைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் கல்யாணத் தேதி வந்துவிட்டது. பிடுங்கி எழுதினார், திறந்தது.

"நிரூபணமாயிடுச்சு! திருடன் வெளியிலேர்ந்துதான் வரான். ஒயர் வெளியிலேயே இருக்கட்டும். இப்பக் கடை முழுப் பாதுகாப்பு."

"யாராவது வாங்க முடியுமா?"

"முடியாது. ஆனா திருடவும் முடியாதே!"

ஏட்டையா ஒயரைத் தடயப் பொருள் போலக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மச்சினி மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். அக்காவோடு தையல்கூடத்தில் வேலை செய்பவள். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், போனை எடுக்கவே மாட்டீங்களா? கடை சுத்தமாக் காணோம். விடுதிக்காரங்க காத்துட்டிருக்காங்க. உள்ள திருடன் பூந்துட்டான்னு அக்கா சொல்லச் சொன்னா!"

"தெரியும். ஆளையே பிடிச்சாச்சு, சித்தப்பாதான்" என்றார் வாத்தியார். "நாங்க வைக்கிற சொல்லையெல்லாம் அழிச்சிட்டு, ஃபைல்ல எங்க கல்யாணத் தேதியையே திரும்பத் திரும்பப் போடறாரு."

மச்சினி அவரைப் பார்த்தாள். கைக்குட்டைக்குள் இருந்த ஒயரைப் பார்த்தாள். மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"கல்யாணத் தேதியைப் போடறது அக்கா, அத்தான். திரைச்சீலைப் படம் ஏத்தறதுக்கு நீங்க கத்துக்கொடுத்த வழியிலேயே, தையல்கூடத்துலேர்ந்து அந்த ஃபைலுக்குள்ள போய், திருடன் ஒண்ணு மாத்தினா அவ ஒண்ணு மாத்தின்னு காலையிலேர்ந்து உங்களோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கா. ஒயரைச் சொருகிட்டு நீங்களும் அக்காவும் கையை எடுங்க, கடை திறந்துடும்."