கயிற்றைக் கையில் சுற்றியது பற்றி அக்காவுக்கு

அளவற்ற மரியாதைக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் நலம். என் இடது கை விஷயத்தில் மட்டும் ‘நலம்’ என்பதைச் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொள்ளவும், விவரம் கீழே வருகிறது. நீயும், உன் முழங்காலும், மாடி வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்ச் சண்டையும் எப்படி என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ‘அக்கா’ என்று ஆரம்பிப்பதற்குள் நீ மூன்று விஷயம் பேசி முடித்து வைத்துவிடுகிறாய். காகிதம்தான் நான் பேசும்போது குறுக்கே வராது.

நீ இட்ட உத்தரவு ஒன்றே ஒன்று. குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் அந்தக் கழுதையை ஞாயிற்றுக்கிழமைக்குள் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும், பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது. நானும் அந்த நினைப்போடுதான் வந்து இறங்கினேன். அவள் சண்டைக்கு வருவாள் என்று ரயிலிலேயே பதில்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், எல்லாம் வீணாய்ப் போச்சு. “அம்மா வான்னு சொன்னா வந்துடறேன் மாமா. ஆனா அதுக்கு முன்னாடி நான் என்ன வேலை செய்யறேன்னு நம்ம வீட்டுல ஒருத்தராவது பார்த்திருக்கணும் இல்லையா” என்றாள். நியாயமாத்தானே இருக்கு. சரி, பத்து நிமிஷம் பார்த்துட்டு மூட்டையைக் கட்டலாம்னு பின்னாடியே போனேன்.

மணல் கொட்டின ஒரு வட்டம், சுத்தி மரவேலி. நடுவுல உன் மக நிக்கறா. கையில இருபத்தஞ்சு அடிக்கு ஒரு பட்டைக் கயிறு, அதோட மறுமுனையில ஒரு குதிரை. அதுக்குப் பேரு ஜட்ஜ். நாம செஞ்ச தப்பெல்லாம் தனக்குத் தெரியும்ங்கிற மாதிரி பார்க்கும். அரை டன்னுக்குக் குறையாது அக்கா. முப்பத்திநாலு வருஷம் லாரிக்குச் சரக்கு ஏத்தித் தார்ப்பாய் கட்டினவன் நான், எடை விஷயத்துல என் கண்ணு தப்பாது. அந்த அரை டன்னும் அவளைச் சுத்தி வட்டமா ஓடுது. அவ வாய்க்குள்ளயே ஒரு வார்த்தை சொன்னா நடக்குது, இன்னொண்ணு சொன்னா ஓடுது, சும்மா நீளமா மூச்சு விட்டா நிக்குது. சாட்டை கையில இருக்கு, ஒரு தடவைகூட அது மேல படல. சின்ன வயசுல இவளுக்கு ஒரு வாய் ஊட்டறதுக்கு நீயும் நானும் வீட்டைச் சுத்தி ஓடினோமே, இப்ப இவளைச் சுத்தி ஒரு குதிரை ஓடுது. அது குளம்பு மண்ணுல விழற சத்தம் என் நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. இது நம்ம வீட்டுப் பொண்ணுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பத்து நிமிஷம்னு போனவன் ஒன்றரை மணி நேரம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.

அதைவிட ஆச்சரியம், உள்ள போறதுக்கு முன்னாடி அவ தயாராகற விதம். மோதிரம், தோடு ரெண்டையும் கழட்டி ஒரு தகர டப்பாவுல போடறா. கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ். கையுறை. அப்புறம் ஹெல்மெட், தாடைக்குக் கீழ வாரை மாட்டி, இறுக்கமா இருக்கான்னு விரல் விட்டுப் பார்க்கறா. நீ தலை வாரிக்கோன்னு அரை மணி நேரம் கத்தினாலும் சீப்பைத் தொடாதவ இதை ஒருத்தரும் சொல்லாம தினம் செய்யறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. “நீ மேல ஏறப் போறதே இல்லையேம்மா, அது அங்க, நீ இங்க, நடுவுல இத்தனாம் பெரிய கயிறு, இதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்” அப்படின்னேன். “கயிறு இருக்கறதாலதான் மாமா. சும்மா விட்டா பயந்த குதிரை எங்கயாவது தூரமா ஓடிடும். கயித்துல இருந்தா என்னைச் சுத்தித்தான் ஓடணும், உதைச்சாலும் என் பக்கம்தான் உதைக்கும்”னா. கயித்தைப் பத்தி எனக்கே பாடமான்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். அந்தத் திமிருதான் மறுநாள் என்னைக் கவுத்துச்சு.

லாயத்து முதலாளி ஒரு மிருக டாக்டர், அவங்களை எல்லாரும் டாக்டரம்மான்னு கூப்பிடறாங்க. மறுநாள் காலையில அவங்க வைக்கோல் போருக்குத் தார்ப்பாய் போட ஆள் தேடிக்கிட்டு இருந்தாங்க. விடுவேனா. மூணு மூலையை இழுத்துக் கட்டினேன் பாரு, புயல் வந்தாலும் அசையாது. நாலாவது மூலைக்குப் போறப்ப டீ வந்துடுச்சு. டீயைக் குடிச்சுட்டு அந்த உற்சாகத்துல, நானும் ஒரு தடவை கயிறு பிடிச்சுப் பார்க்கறேனேன்னு உன் மககிட்ட கேட்டேன். அவ யோசிச்சா. பொட்டலம்னு ஒரு மட்டக்குதிரை இருக்கு, என் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் உசரம், உருண்டையா, பரம சாது, அதைக் கொண்டு வந்தா. ஹெல்மெட் போட மாட்டேன்னேன், அப்ப வேலிக்கு வெளியவே நில்லுங்கன்னுட்டா. போட்டுக்கிட்டேன். வார்ல மீசை மாட்டிக்கிச்சு, அதையும் பொறுத்துக்கிட்டேன். கையுறையும் மாட்டிவிட்டா. “கயித்தை மடிப்பு மடிப்பா உள்ளங்கையில வச்சுக்குங்க மாமா, எந்தக் காரணத்துக்கும் கையில சுத்தாதீங்க”ன்னு ரெண்டு தடவை சொன்னா. ஒண்ணு ரெண்டு சுத்து நல்லாத்தான் போச்சு. அவ வேலிக் கதவைச் சரியாச் சாத்த அந்தப் பக்கம் திரும்பினா. நான் என்ன பண்ணேன், கை வேர்க்குதுன்னு கையுறையைக் கழட்டி இடுப்புல செருகிட்டு, முப்பத்திநாலு வருஷப் பழக்கம் அக்கா, நான் நினைக்கக்கூட இல்ல, கை தானாவே கயித்தை ரெண்டு சுத்து சுத்திக்கிச்சு. லாரியில அப்படிச் சுத்தினாத்தான் பிடி நிக்கும். ஆனா லாரி ஓடாதே, நிறுத்தி வச்சுத்தானே கட்டுவோம். அந்த நேரம் பார்த்துக் காத்து வந்து, கட்டாம விட்ட நாலாவது மூலையைத் தூக்கிப் படார்னு அடிச்சுது. பரம சாது பொட்டலம் பறந்துடுச்சு.

நானும் கூடவே போனேன். கையை உதறிப் பார்க்கறேன், சுத்து இறுகுதே ஒழிய விடல. குப்புற விழுந்து பாதி வட்டம் மண்ணை வாரிக்கிட்டே போய், வேலிக் கம்பத்துல மண்டை மோதி, தேங்காய் உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். என் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பையில இருந்த போனும் நொறுங்கிடுச்சு. உன் மக என்ன பண்ணா தெரியுமா? ஓடல, கத்தல. நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன். அவ பொட்டலத்துக்குப் பின்னாடி போகாம, முன்னாடி வர்ற மாதிரி நிதானமா நடந்து, கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, தூங்கற குழந்தையைத் தட்டற குரல்ல “ஹோ… ஹோடா கண்ணா” அப்படின்னா. அது நின்னுடுச்சு. என் கையில இருந்த சுத்தை அவிழ்த்தா. என் தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, இது எத்தனை விரல் மாமா, இன்னிக்கு என்ன கிழமை மாமான்னு கேட்டா. சரியாச் சொன்னதும்தான் அவ என் பக்கத்துல மண்ணுலயே உட்கார்ந்துட்டா. நான் அழுதுட்டேன் அக்கா. வலியில அழலன்னு எழுத ஆசைதான், வலியும் இருந்துச்சு. ஆனா அவளைப் பார்த்துதான் அதிகம் அழுதேன்.

உள்ளங்கைத் தோல் ரெண்டு பட்டையா உரிஞ்சு போச்சு. முதல்ல டாக்டரம்மா குதிரைக்குக் கட்டற மாதிரியே கட்டினாங்க, அப்புறம் மனுஷ டாக்டர்கிட்ட போய் மாத்திக் கட்டிக்கிட்டேன். ஹெல்மெட்ல நெத்திக்கு நேரா ஒரு விரிசல். மண்டையில ஒரு கீறல் இல்ல. அந்த ஹெல்மெட்டை ஞாபகார்த்தமா வீட்டுக்குக் கொண்டு போறேன்னு கேட்டேன். ஒரு தடவை அடி வாங்கினது அடுத்த தடவை காப்பாத்தாது, தெரியாம யாராவது எடுத்து மாட்டிடுவாங்கன்னு சொல்லி, டாக்டரம்மா என் கண்ணு முன்னாடியே ரம்பத்தால ரெண்டா அறுத்துட்டாங்க.

ஆகவே அக்கா, என் தீர்மானமான அபிப்பிராயம் என்னவென்றால், இவளை நான் கூட்டி வரப்போவதில்லை. இவள் பல் டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்கப் பிறந்தவள் இல்லை. நீ வா என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் வந்துவிடுவாள், ஒரு மாதம் பேசாமல் இருப்பாள், பிறகு சிரித்துக்கொண்டு டோக்கன் கொடுப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லாதே. இன்னொன்று, எக்காரணம் கொண்டும் நீ இங்கே கிளம்பி வந்துவிடாதே. சாணி நாற்றம் உனக்கு ஆகாது. குதிரையைப் பக்கத்தில் பார்த்தால் உனக்கு மயக்கம் வரும், பிறகு நான் என்ன சொன்னாலும் எடுபடாது.

என் கை விஷயம் என் பெண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம். பெரியவளான உனக்கு ஆசி சொல்ல எனக்குத் தகுதியில்லை. உன் முழங்கால் நன்றாக மடங்கவும், மாடியிலிருந்து தண்ணீர் ஒழுங்காக இறங்கவும் வேண்டிக்கொண்டு,

உன் சொல் தட்டாத (இந்த ஒருமுறை தவிர) தம்பி.

பி.கு.: இதை ஒட்டப் பசை கேட்டு ஆபீஸ் அறைக்குப் போனேன், அங்கே நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். என் போன் போகலன்னு நீ உன் மகளைக் கூப்பிட்டிருக்கே, அவளும் மறைக்காம நடந்ததைச் சொல்லிட்டா, நீ முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டே. என் கைக்கட்டைப் பார்த்துத் திட்டினதை இங்க எழுதல, உனக்கே தெரியும். எம் பொண்ணு ஓட்டற அந்தப் பெரிய குதிரையை நான் பார்க்கணும்னு நேரா வேலிக் கதவுக்குப் போனே. ஹெல்மெட் இல்லாம உள்ள விட முடியாதுன்னாங்க டாக்டரம்மா. “நான் அவளைப் பெத்தவ”ன்னே. “பெத்தவங்களுக்கும் ஒரு தலைதானேம்மா”ன்னாங்க. யாருக்கும் தலை குனியாத நீ, உன் மக முன்னாடி தலையைக் குனிஞ்சே. அவ ஹெல்மெட்டை வச்சு, தாடையை நிமிர்த்தி, வாரை மாட்டி, விரல் விட்டுப் பார்த்தா. மோதிரத்தைக் கழட்டி எங்கிட்ட கொடுத்தே. கையுறை, பூட்ஸ், எதுக்கும் எதிர்ப்பேச்சு பேசல. கயித்தை அவ மடிச்சு உன் கையில வச்சு, அவ கையை மேல வச்சுக்கிட்டா. ஜட்ஜ் உங்க ரெண்டு பேரையும் சுத்தி நடந்துச்சு. நீ மயக்கம் போடல. நாலாவது சுத்துல, “இதுவா நீ சொன்னாக் கேக்குது”ன்னு கேட்டே. உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. வெளிய வந்து பெஞ்சில உட்கார்ந்து, பல் டாக்டர் கிளினிக்குக்கு நீயே போன் போட்டே. வார் இடிச்சு போன் காதுக்குக் கிட்ட போகல, அதனால லாயம் முழுக்கக் கேக்கற மாதிரி கத்திச் சொன்னே: “எம் பொண்ணு வரமாட்டா சார். அவளுக்கு வேலை இருக்கு.” ஹெல்மெட்டைக் கழட்டலாம்னு உங்கிட்ட சொல்ல எங்க யாருக்கும் மனசு வரல.