நான் திட்டியதெல்லாம் பாட்டாச்சு

திருவண்ணாமலை,
பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் ராமதாஸ் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் இருசப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா ஜோதியம்மாளும் உடம்பளவில் நலம். மானத்தளவில் நலமில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நம்ம பையன் வளவன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ராக் பாட்டு எழுதிப் பாடப் போகிறேன் என்று கிடாரோடு சென்னைக்கு வந்து உங்கள் மாடி ரூமில் ஏறி நாலு வருஷமாகிறது. நாலு வருஷமும் அவன் பாட்டை ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் நிம்மதியாக இருந்தேன். இப்போது ‘படியில தொங்காத’ என்று ஒன்று பாடியிருக்கிறான். டீக்கடையில் அது, ஷேர் ஆட்டோவில் அது, பால் ஊற்றுகிறவர் போன் அடித்தாலும் அதுதான். பெயர் வாங்கட்டும், சந்தோஷம். ஆனால் மாப்பிள்ளை, அந்தப் பாட்டில் ஒரு வார்த்தைகூட அவனுடையது இல்லை. அத்தனையும் நான் திட்டியது. அவன் கிளம்பிய அன்று வாசலில் நின்று அரைமணி நேரம் திட்டினேனே, அதை வரிசை மாறாமல் மெட்டுப் போட்டு வைத்திருக்கிறான். “ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு, படியில தொங்காத” என்பது இருபத்தாறு வருஷம் கண்டக்டராக நான் கீழ்பென்னாத்தூர் வண்டியில் சொன்னது. அன்றைக்கு ஆத்திரத்தில் பெற்ற பிள்ளையையும் ஒரு பாசஞ்சர் மாதிரி அப்படிக் கேட்டுவிட்டேன். அதுதான் பல்லவி. சரணத்தில் “உன் மாமன் மாதிரி ஊரச் சுத்து” என்று மூன்று தடவை டிரம்ஸோடு வருவது உங்களைப் பற்றித்தான். நீங்கள் இல்லாத நேரத்தில் சொன்னது, மன்னிக்க வேண்டும்.

முதன்முதலில் அதை செங்கம் ரோட்டு டீக்கடையில் கேட்டேன். எல்லாரும் தாளம் போடுகிறார்கள், நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். திட்டும்போது நமக்கு நம்ம குரல் கேட்பதில்லை. அடுத்தவன் பாடிக் கேட்டால்தான் தெரிகிறது, இப்படியா பேசினேன் என்று. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பாட்டில் வருகிற அப்பா யாருங்க என்று கடைக்காரர் கேட்டதற்கு, எல்லாம் கற்பனை என்றேன். பக்கத்து வீட்டு மணியம்மாள் அந்த நேரம் பார்த்தா தூக்குவாளியோடு வரவேண்டும்? “கற்பனை எங்க? செவுத்துக்கு அந்தாண்ட நான் கேட்டுனு இருந்தேனே, இதே வரிசைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே முடிவு செய்தேன், இனி யாரையும் திட்டுவதில்லை என்று. அதற்கு ஆரம்பமாக பௌர்ணமியன்று காலையில் மௌன விரதத்தோடு கிரிவலம் கிளம்பினேன். ஆசிரமத்துப் பக்கம் போகும்போது ஒரு வெள்ளைக்காரம்மா என் மூடின வாயைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, காலில் விழுந்து எழுந்து வாழைப்பழம் கொடுத்தார். நான் கண்டக்டர் என்று சொல்லவும் முடியாது, விரதம். வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். அடி அண்ணாமலை வந்ததும் கால் ஓய்ந்து ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தால், பக்கத்தில் மூன்று காலேஜ் பெண்கள் அதே பாட்டைத் தாலாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். பொறுத்தேன். இன்னும் பொறுத்தேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ் கேட்கவில்லை, மாப்பிள்ளை. எழுந்து, “அது கெஞ்சறது இல்லம்மா, அடிவயித்துலருந்து வரணும்” என்று சொல்லிவிட்டுப் பல்லவியிலிருந்து கடைசி வரை நானே திட்டிக் காட்டினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் சுற்றி நாற்பது பேர், அதில் பத்துப் பேர் கையில் போன். ஒரு பெண், “அய்யா, ஒரிஜினல் அப்பா நீங்கதானா?” என்றாள். மீதி மலையைச் சுற்றத் தைரியமில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது ‘ஒரிஜினல் அப்பா’ என்று நான் ஊரார் போனிலெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறேன். வளவன் பாட்டைவிட ஜாஸ்திப் பேர் பார்த்திருக்கிறார்களாம். உங்கள் அக்கா என்னோடு பேசி மூன்று நாளாகிறது. பையன் பிழைப்பிலும் மண் போட்டாயா என்று மட்டும் கேட்டாள். அவன் அம்மாவிடம்தான் போனில் பேசுகிறான். என்னோடு நாலு வருஷமாகப் பேச்சு இல்லை, வாசப்படியும் மிதிக்கவில்லை. ஆகவே நீங்கள்தான் அவனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவன் பெயரைப் பறிக்க நான் பாடவில்லை. அன்றைக்குப் பேசியது தப்பு. இனி செத்தாலும் அவனைத் திட்டமாட்டேன். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கமும், குழந்தை கவிநிலாவுக்கு என் ஆசியும். அண்ணாமலையார் உங்கள் எல்லாரையும் என்னைவிட நல்ல பேச்சோடு வைத்திருக்கட்டும்.

வெட்கத்துடன்,
கி. இருசப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வளவனே போன் செய்துவிட்டான். கோபமாக இல்லை. அடுத்த பாட்டு நாலு மாதமாக வரவில்லையாம். “அன்னிக்கு மாதிரி ஒரு தடவ திட்டுங்கப்பா” என்றான். மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அவன் குரல் ரொம்பக் கம்மியாக இருந்தது, சரி, பிள்ளைக்காக என்று வாயைத் திறந்தேன். ஒரு திட்டும் வரவில்லை, மாப்பிள்ளை. “மழைக்கு அந்த ரூமு ஒழுகுதாடா?” என்பதுதான் வந்தது. அப்புறம், “அத இன்னொரு தடவ சொல்லுங்கப்பா” என்றான். அழுகிறானா, பதிவு செய்கிறானா, தெரியவில்லை. நாலு தடவை சொன்னேன். ஆகவே மேலே எழுதியதில் ஒன்றையும் அவனிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பாட்டை அவன் முடிக்கும் வரை, ஒழுகினாலும் மாடியைப் பூச வேண்டாம்.