நூற்றொரு வெள்ளிச் சம்பளம்

சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், எங்கள் காஜா பேராங்கில் தையல்கடை மாடியில் இளைஞர் உயர்வுக் கடன் அலுவலகம் திறந்தார்கள். உத்தமமான திட்டம். கடன் வாங்கிப் படிக்கலாம். சம்பளம் நூறு வெள்ளியைத் தாண்டினால் மட்டும் மாதம் பதினைந்து வெள்ளி கட்ட வேண்டும். தாண்டாவிட்டால் ஒரு காசும் வேண்டாம்.

அந்தக் கடனில் டைப் அடிக்கப் படித்தேன். தெங்கேராவில் ஓர் அரிசிக்கடையில் தொண்ணூற்றைந்து வெள்ளிக்கு வேலை கிடைத்தது. தினமும் நடை. மிச்சம் பிடித்து ஒரு பழைய சைக்கிள் வாங்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு லட்சியம் கிடையாது.

ஆறாம் மாதம் கடையின் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, கூப்பிட்டார். "கோகிலா, நல்லா வேலை செய்யிற. ஏழு வெள்ளி கூட்டுறேன்."

நூற்றிரண்டில் பதினைந்து போனால் எண்பத்தேழு.

"வேணாம் தவுக்கே. ஏத்தினா எனக்குக் குறையும்."

தவுக்கே கண் கலங்கிவிட்டார். சம்பள உயர்வு வேண்டாம் என்கிற பிள்ளைகளை அரசாங்கமே தயாரித்துத் தருகிறது என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னார். கடன் வாங்கினவர்களுக்கு ஒரே கிராக்கி. ஒருத்தருக்கும் நூறு கிடையாது.

கடன் அலுவலகத்தில் ஒரு காசு வசூலில்லை. ஆகவே மேலிடம் தீர ஆலோசித்து, கட்டுகிற ஆளைப் பிடித்துத் தரும் அதிகாரிக்கு மாதம் இருபது வெள்ளி ஊக்கத்தொகை அறிவித்தது. அதிகாரி கலியாணசுந்தரம் மறுநாளே கடைக்கு வந்தார்.

"ஏம்மா, ஏழு வெள்ளியை வேணாம்னியாமே! மனசாட்சி இருக்கா?"

"இருக்கு சார். சைக்கிள்தான் இல்ல."

"தேச முன்னேற்றம்னு ஒண்ணு இருக்கே!"

"அது என்னைத் தெங்கேராவுக்கு ஏத்திட்டுப் போகுமா?"

கொஞ்சம் யோசித்தார். "எங்க ஆபீஸுக்கே வந்துடு. கிராணி வேலை. டைப் அடிச்சு, கணக்கு எழுதணும். நூற்றொரு வெள்ளி."

"கையில எண்பத்தாறுதானே வரும்?"

"ஆபீஸ் உங்க வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி. உனக்கு எதுக்குச் சைக்கிள்?"

நான் வாயைத் திறப்பதற்குள், அரசாங்கக் கிராணி என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

முதல் தேதி, கடன்தாரர் கோகிலாவுக்குக் கண்டிப்பான நோட்டீஸ் அடிப்பேன். இரண்டாம் தேதி, கோகிலாவின் பணிவான பதில். மூன்றாம் தேதி ரசீது. அறிக்கையும் நானே: 'கட்ட வேண்டியவர் ஒருவர். கட்டியவர் ஒருவர். வசூல் முழு வெற்றி.' மேலிடம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. கலியாணசுந்தரம் ஊக்கத்தொகையில் புதுச் சைக்கிள் வாங்கினார். அதை மாடிக்குத் தூக்கி ஏற்றுவதும் கிராணி வேலையாம்.

ஆறு மாதத்துக்கு முன்பு படிக்கட்டு முழுக்க வரிசை. முன்னால் என் தோழி அஞ்சலை. "கடன் வாங்கினா அரசாங்க வேலையாமே, நிஜமாடி?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஐம்பது காசு வாங்கிக்கொண்டு நாற்பது விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். சைக்கிள் வாங்கியதும் அரிசிக்கடைக்கே போய்விடலாமே!

போன வாரம் தவுக்கேயிடம் கேட்டும் வைத்தேன். எழுபதுதான் தருவாராம். கடன் வாங்கின பிள்ளைகள் இப்போது நிறைய வருகிறார்களாம்.