வில்லோ புதருக்குள் மச்சான்

“எங்கே சம்பந்தி உங்க பூச்சி மழை?” என்று மறுபடியும் கேட்டார் விட்காம்.

தூண்டிலோடு இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்றிருந்தும் லோவலுக்கு வியர்த்தது. மகள் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா இவர். “ஜூன் கடைசியில எங்க மான்டானா ஆத்துக்கு வந்து பாருங்க, சால்மன் பூச்சி ஆரஞ்சு மழையாக் கொட்டும். டிரவுட் மீனெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்!” என்று அவரிடம் அளந்துவிட்டிருந்தார். ஆற்றிலோ இன்னும் பனி உருகிய தண்ணீர். பூச்சிகளெல்லாம் விறைத்துப்போய்ப் புதர்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. இன்று மானம் போனால், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சொல்லிக்காட்டியே கொன்றுவிடுவார் மனுஷன்.

அதற்காகத்தான் மனைவியின் தம்பி ரஸ்டியைக் கரையிலுள்ள வில்லோ புதருக்குள் ஒளிந்திருக்கச் சொல்லியிருந்தார். விசில் கேட்டதும் கிளையை உலுக்க வேண்டும்.

லோவல் விசிலடித்தார். புதர் பேயாட்டம் ஆடியது.

“ஐயோ, கரடியா?” என்றார் விட்காம்.

“காத்து சம்பந்தி, வெறும் காத்து!”

பூச்சிகள் கூடை கூடையாகக் கொட்டின. மீன்கள் துள்ளித் துள்ளித் தின்றன. நிஜப் பந்தி நடக்கும்போது, விட்காம் தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை எந்த மீன் சீந்தும்?

“பூச்சி இருக்கு, மீனும் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணுமில்ல. இதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?”

கால் மரத்துப்போச்சு என்று சாக்குச் சொல்லிக் கரையேறிய லோவல், புதரிடம் போய்ப் பல்லைக் கடித்தார். “டேய், கல்யாணத்தைக் கெடுத்துடாதடா! ஒண்ணு ரெண்டு விழுந்தாப் போதும். பதமா உலுக்கு!”

உள்ளிருந்து ஓர் உறுமல்தான் வந்தது.

“என்னடா கோவம்? பசியா? இந்தா, தின்னுத் தொலை.” தன் சாண்ட்விச்சை உள்ளே வீசினார். காகிதத்தோடு மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு கிளை தாலாட்டுவதுபோல் அசைந்தது.

விட்காமின் தூண்டில் வில்லாக வளைந்தது. கை நீளத்துக்கு ஒரு டிரவுட்!

“சம்பந்தி, இப்படி ஒரு ஆத்தை நான் பார்த்ததே இல்ல! கல்யாணத்தை இந்தக் கரையிலேயே வெச்சுக்குவோம்!”

லோவலுக்குக் கண் கலங்கிவிட்டது. புதருக்குள் கையை விட்டு முதுகில் ஓங்கித் தட்டினார். “சபாஷ்டா மச்சான், குடும்ப மானத்தைக் காப்பாத்திட்ட! அது சரி, இந்த வெயில்ல எதுக்குடா கம்பளிக் கோட்டு?”

பின்னால் ரோட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தான் ரஸ்டி.

“அத்தான், கோவிச்சுக்காதீங்க, வண்டி பஞ்சர்! எந்தப் புதரை உலுக்கணும்?”