அப்படியே சாரின் பஸ்

பஸ் வராமல் பதினாலு நிமிஷம் ஆகியிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், விளையாட்டைச் சோதித்துப் பார்க்க வந்திருந்த பேங்க் குமாஸ்தா கையில் கன்ட்ரோலரோடு கொட்டாவி விட்டார். திரையில், பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த அவருடைய கதாநாயகனும் கொட்டாவி விட்டான்.

"பார்த்தீங்களா மேடம்? நின்னு களைச்சா ஹீரோவும் கொட்டாவி விடுவான். அதுக்கே மூணு வாரம் ஆச்சு."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விடறாங்க சார். அதுதான் எனக்குக் கவலை," என்றார் மேடம்.

மேடம்தான் அந்த விளையாட்டுக் கம்பெனியின் முதலாளி. அவரிடம் பெருமையடித்துக்கொண்டவருக்கு ஆபீஸில் 'அப்படியே சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "அப்படியே இருக்கணும்" என்பார். மழை பெய்தால் மண் அப்படியே கரைய வேண்டும். கதவைத் திறந்தால் அப்படியே கிறீச்சிட வேண்டும்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரு முழுத் தெரு. அதில் எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், எந்தக் கதவையும் தட்டலாம், எங்கேயோ தொலைந்துபோன ஒரு பெட்டியைத் தேடலாம். தெரு கற்பனை இல்லை. அவர் பதினாறு வயதுவரை வளர்ந்த தெரு. இப்போது அந்த இடத்தில் ஒரு மேம்பாலத்தின் தூண்கள் நிற்கின்றன. ஒரு போட்டோகூட மிச்சமில்லை. முடிதிருத்தும் கடையின் ரேடியோ, முனையில் தலை சாய்ந்து நின்ற தபால் பெட்டி, ஓட்டு வீடுகளின் வரிசை எல்லாம் அவர் தலைக்குள்ளிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு இறங்கியவை. எந்தத் தெரு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"விளையாட்டுன்னா ஓடணும் சார், குதிக்கணும், சுவரேறணும். சும்மா நிக்கறதுக்கு எதுக்கு விளையாட்டு? வெளியில போனா இலவசமாவே நிக்கலாமே!"

"அந்த பஸ் அப்படித்தான் வரும் மேடம். நாற்பது நிமிஷத்துக்கு ஒண்ணு."

"யாரு சொன்னா?"

"நானே நின்னிருக்கேன்."

மேடம் திரையில் தெரிந்த ஒரு மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இங்க பாருங்க. வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. வர்ற ஆள் ஒரு மணி நேரம் எழுந்திருக்காம உக்காரணும். உக்காரலைன்னா தெருவை மூடிட வேண்டியதுதான். முடிவு என் கையில இல்ல, காசு போட்டவங்க கையில இருக்கு."

மூடுவது என்றால் அழிப்பது. ஏற்கெனவே ஒரு தடவை இடித்த தெரு.

செவ்வாய்க்கிழமை கதாநாயகனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். சோதிக்க வந்தது ஒரு தையல்காரர். உற்சாகமாக மிதித்தார். ஐந்தாவது வீட்டு வாசலில் செயின் கழன்றது.

"செயின் ஏன் கழலுது?" என்றார் மேடம்.

"என் சைக்கிள்ல கழலும் மேடம்."

தையல்காரர் செயினை மாட்டினார். கையெல்லாம் மசி. பெட்டியைப் பற்றி விசாரிக்க ஒரு கதவைத் தட்டினார். உள்ளிருந்து வந்த அம்மாள், "மசிக் கையால கதவைத் தொடாதே, போய்க் கழுவிட்டு வா!" என்று விரட்டினாள். தெருக்குழாய்க்குப் போனார். குழாய் காற்றை ஊதியது. தண்ணீர் காலை ஆறு மணிக்குத்தான் வரும். விளையாட்டுக்குள் மணி பத்து.

தையல்காரர் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுலயும் இதே கதைதான். அதுலேர்ந்து தப்பிக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

மொத்தம் பத்தொன்பது நிமிஷம்.

"பறக்க விடுங்களேன் சார்," என்றார் மேடம். குரலில் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகமாக இருந்த மாதிரி அப்படியே சாருக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை பயத்தில் அதை அவர் யோசிக்கவில்லை.

பறக்க விடுவதற்கென்றே ஆபீஸில் ஒருவன் இருந்தான். பெயர் பட்டாசு. எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் அதில் எதையாவது வெடிக்க வைத்துவிடுவான்.

"ரெண்டே பட்டன் சார்! சைக்கிள் கூரை மேல பறக்கும். பஸ் அரை நிமிஷத்துக்கு ஒண்ணு."

"தெரு கெட்டுடும்பா."

"தெருவே இல்லாமப் போறதைவிட கெட்ட தெரு தேவலை இல்லையா?"

புதன்கிழமை சைக்கிள் பறந்தது. அரை நிமிஷம் அருமையாக இருந்தது. மேடம் கைதட்டக்கூடச் செய்தார்.

ஆனால் தெருவில் நூற்று நாற்பத்து மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பசி, தூக்கம், பயம் எல்லாம் நிஜ மனிதருக்கு இருப்பது போலவே வைத்திருந்தார் அப்படியே சார். தலைக்கு மேல் சைக்கிள் பறப்பதை முதலில் பார்த்த அம்மாள் அலறிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அலறல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அங்கேயும் தாழ்ப்பாள். முடிதிருத்துபவர் கத்தியோடு ஒரு பக்கம் ஓட, பாதி மீசை எடுத்த ஆள் துண்டோடு மறு பக்கம் ஓடினார். பஸ் டிரைவர் பஸ்ஸை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தார். பதினோரு நிமிஷத்தில் தெரு காலி.

"சைக்கிளை இறக்குடா!"

"இறக்கிட்டேன் சார். அவங்க வெளிய வரமாட்டேங்கறாங்க."

"பயம் தெளிய எவ்வளவு நேரம்?" என்றார் மேடம்.

அப்படியே சார் தலையைச் சொறிந்தார். "மூணு நாள். ரொம்பத் துணிச்சல்காரங்கன்னா ரெண்டு. நிஜத்துல அப்படித்தானே மேடம்?"

"அந்தப் பயத்தை அழிச்சிடுங்க."

"அதை அழிச்சா ஞாபகம் மொத்தமும் போயிடும். ஒருத்தருக்கொருத்தர் யாருன்னே தெரியாது."

மேடம் எழுந்து தன் அறைக்குப் போனார்.

வியாழக்கிழமை அப்படியே சார் கம்ப்யூட்டர்களையும் ஒயர்களையும் கட்டி மேய்க்கிற ஆளிடம் போய் நின்றார். அவனுக்கு வயர் என்றே பெயர்.

"பஸ் ஸ்டாப் பெஞ்சுல ஒரே ஒரு ஆளை உக்கார வைப்பா. குடை வெச்ச ஒரு வயசானவர். வர்றவங்களோட நாலு வார்த்தை பேசட்டும்."

"நாலெல்லாம் முடியாது சார். நூத்தி நாற்பத்து மூணு பேரும் உள்ள உக்காந்து நடுங்கறாங்க. மெஷின்ல மூச்சு விட இடமில்ல. மூணு வரி வேணா பேசுவார்."

மூன்று வரி எழுதினார்: "பஸ் வந்துச்சா?" "இப்பத்தான் போச்சு." "உக்காருங்க." எழுதும்போதே அழுகை வந்தது. அந்தத் தெருவின் மொத்தக் கதையும் அதற்குள் முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது ஒரு பல் டாக்டர் அம்மா. பேசுவதற்கு மைக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்காது. அவர் சொல்வதும் எதிராளி சொல்வதும் திரையின் அடியில் எழுத்தாக ஓடும். மேடம் வந்து பக்கத்தில் உட்காரவில்லை. "முடிஞ்சதும் சொல்லுங்க," என்று தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

டாக்டர் காலித் தெருவில் நடந்தார். இரண்டு கதவைத் தட்டினார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அப்படியே சார் கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிஷம் தாங்கினால் பெரிது.

கண்ணைத் திறந்தபோது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. டாக்டர் அதே பெஞ்சில் இருந்தார். நாற்பதாவது நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தார். ஐம்பதாவது நிமிஷம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எதைப் பார்த்து அழறாங்க? அங்க ஒண்ணுமே இல்லையேடா!" என்றார் அப்படியே சார்.

"பெஞ்சுக்காரர் பேசிக்கிட்டே இருக்கார் சார்," என்றான் பட்டாசு.

அப்படியே சார் திரைக்குக் கிட்டே போய்ப் படித்தார்.

"மூணாவது வீடுதான் எங்க வீடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார் குடைக்காரர். "நோஞ்சான் பிள்ளைன்னு கீழ இறங்க விடமாட்டாங்க. மாடி ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். அதுக்குள்ள முகத்தை வெச்சா தெரு முனை வரைக்கும் தெரியும். கீழ எல்லாரும் ஓடுவாங்க, குதிப்பாங்க, சுவரேறுவாங்க. எதிர்த்த வரிசையில ஒரு பையன். அவன் சைக்கிள் செயின் கழன்டுக்கிட்டே இருக்கும். ஒரே நாள்ல ஏழு தடவை எண்ணியிருக்கேன். ஒரு தடவையாவது அந்த சைக்கிள் அப்படியே கூரைக்கு மேல பறந்துடாதான்னு இருக்கும் எனக்கு."

அப்படியே சார் மூக்கு திரையில் முட்டும்வரை குனிந்தார். அந்த நிஜத் தெருவில் மூணாவது வீட்டு ஜன்னல் கம்பி வளைந்துதான் இருந்தது. அவர் அதை மறந்து நேராக வரைந்திருந்தார். அந்த ஏழு தடவையும் மசியானது அவருடைய கைதான்.

"இதெல்லாம் யாருடா எழுதினது?"

"சத்தியமா நான் இல்ல சார். நான் எழுதியிருந்தா இந்நேரம் குடை வெடிச்சிருக்கும்."

கடிகாரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. தெரு பிழைத்துவிட்டது. ஆனால் அப்படியே சார் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அதே சமயம் திரையின் ஓரத்தில் ஒரு தாழ்ப்பாள் விலகியது. தெருவிலேயே துணிச்சல்காரரான பஸ் டிரைவர் மெல்ல எட்டிப் பார்த்தார். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

அப்படியே சார் ஒரே ஓட்டமாக வயரின் அறைக்குள் நுழைந்தார்.

"வயர்! மூணு வரிதானே பேசும்னு சொன்னே? அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறது யாரு?"

வயர், சாத்தியிருந்த எதிர் அறைக் கதவையும் அதன் அடியில் நுழைந்திருந்த மைக் கேபிளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம்தான் சார், இன்னிக்குத்தான் முதல் தடவையா தெருவுல இறங்கியிருக்காங்களாம், அந்த பஸ்ஸைக் கொஞ்சம் லேட்டாவே வரச் சொல்லுங்கன்னு கெஞ்சறாங்க."